குரோஷே பொம்மையும் குளிர் உடுப்பும் கணக்குக் கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். முழுக்க ஒரே பொம்மையைத்தான் எடுத்துக்கொள்கிறோம்: 36 கண்ணி (ஸ்டிட்ச்) சுற்றளவுள்ள தலை, 30 கண்ணி உடம்பு, அதற்கு ஒரு தொப்பி, ஸ்வெட்டர், முறுக்கு மஃப்ளர். இந்த எண்கள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

வேர்க்கிற ஊரில் குளிர் உடுப்பு எதற்கு?

பொம்மை பெரும்பாலும் இந்த ஊரிலேயே இருக்கப்போவதில்லை. மெல்பர்னிலோ லண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளைக்குத்தான் போகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தொப்பி, ஸ்வெட்டர், மஃப்ளர் மூன்றும் மூன்று வெவ்வேறு வடிவக் கணக்குகள். கவுன் மட்டும் போட்டுப் பழகினால் இவை கைக்கு வராது.

என்ன ஊசி, என்ன நூல்?

2.5 மி.மீ. குரோஷே ஊசி. நூல் 5 பிளை மில்க் காட்டன், 50 கிராம் உருண்டை. நூல் கடையில் "பெனாங் காயிட்" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பொம்மைக்குத் தோல் நிறத்தில் ஓர் உருண்டை, உடுப்புக்கு வேறு நிறங்களில் இரண்டு போதும். கம்பளி நூல் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும், கண்ணி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வரும். அக்ரிலிக்கிலும் இந்தத் தொல்லை ஓரளவு உண்டு. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு வழுக்கிப் போகும். குளிர் உடுப்பு போலத் தெரிய நூல் கம்பளியாக இருக்க வேண்டியதில்லை, பின்னல் தடிமனாக இருந்தால் போதும்.

இந்த ஊசிக்கும் நூலுக்கும் ஒரு கண்ணி ஏறத்தாழ 4.5 மி.மீ. அகலம் வரும். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்து இது மாறும். முதலில் 10 கண்ணி அகலம், 10 வரிசை உயரம் போட்டு அளந்துகொள்ளுங்கள். கீழே செ.மீ. கணக்கெல்லாம் 4.5 மி.மீ.யை வைத்தே சொல்லியிருக்கிறோம்.

பழைய புத்தகத்தில் "டபுள்" என்கிறார்கள், வீடியோவில் அதையே "சிங்கிள்" என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். பிரிட்டிஷ் முறையில் "டபுள் குரோஷே" என்பது அமெரிக்க முறையில் "சிங்கிள் குரோஷே". பிரிட்டிஷ் "ட்ரெபிள்" அமெரிக்காவில் "டபுள்". நம் வீடுகளில் இருக்கும் பழைய புத்தகங்கள் பல பிரிட்டிஷ் முறை, வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க முறை. எங்காவது "சிங்கிள்" என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை என்று முடிவு கட்டிவிடலாம், இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் இல்லை. இங்கே எல்லாம் அமெரிக்கப் பெயர்கள்: சிங்கிள் குட்டைக் கண்ணி, அரை டபுள் அதைவிட உயரம், டபுள் இன்னும் உயரம்.

எல்லாப் பொம்மையும் ஏன் 6 கண்ணியில் தொடங்குகிறது? ஏன் ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டுகிறோம்?

இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் பாதி குரோஷே புரிந்த மாதிரி. வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல 2 பை (π) மடங்கு, அதாவது 6.28 மடங்கு. ஒரு சுற்று போட்டால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆகவே சுற்றளவு 6.28 கண்ணி உயரம் கூடியாக வேண்டும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் துணி தட்டையாகக் கிடக்கிறது.

கண்ணி உயரமானால் எண்ணும் ஏறும். அரை டபுளுக்கு 8, டபுளுக்கு 12. டபுளில் வட்டம் போடும்போது 6 மட்டும் கூட்டிவிட்டு "கிண்ணமாகிவிட்டதே" என்று வருந்துகிறவர்கள் பலர். அதில் கையின் பிழை இல்லை, கணக்குதான் குறைந்திருக்கிறது.

இதைத் திருப்பிப் படியுங்கள். தேவைக்குக் குறைவாகக் கூட்டினால் துணி குழிந்து கிண்ணமாகும். அதுதான் தலை, அதுதான் தொப்பி. தேவைக்கு மேல் கூட்டினால் துணிக்கு இடம் போதாமல் கோழிக்கொண்டைப் பூப்போலச் சுருண்டு மடியும். பொம்மைக்கும், கணித வடிவங்களைப் பின்னும் கணக்குக் கலைக்கும் நடுவே இருப்பது இந்த ஓர் எண்தான்.

தலை உருண்டையாக வராமல் பீப்பாய் மாதிரி வருகிறது. ஏன்?

எல்லோரும் போடும் முறை இது: மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கக்கூடிய தொடக்க நூல் வளையம்) 6, பிறகு 12, 18, 24, 30, 36. அடுத்து 6 சுற்று கூட்டாமல் 36. பிறகு 30, 24, 18, 12, 6. மொத்தம் 17 சுற்று. இதில் நடுவே 36 ஏழு முறை வருகிறது. பக்கவாட்டு நேராக நிற்பதற்கு அதுவே காரணம்.

உண்மையான உருண்டையில் அகலம் சைன் கணக்கில் ஏறி இறங்கும். உச்சியிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் 10 பாகை வைத்து, 36ஐ அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கி, முழு எண்ணாக்கினால் கிடைப்பது:

6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36, 35, 34, 31, 28, 23, 18, 12, 6.

இதுவும் 17 சுற்றுதான். சரிபார்க்க ஒரு வழி உண்டு. உருண்டையின் மேற்பரப்பு என்பது சுற்றளவின் வர்க்கத்தைப் பையால் வகுத்தது. 36ஐ 36ஆல் பெருக்கினால் 1,296, அதை 3.1416ஆல் வகுத்தால் 412.5. மேலே உள்ள கண்ணிகளைக் கூட்டுங்கள்: 410. பழைய முறையில் கூட்டினால் 432. 412.5ஐவிட ஏறத்தாழ 20 கண்ணி மிகுதி, அதுதான் பீப்பாய்.

கூட்டும் இடங்களைப் பரவலாக வையுங்கள். 18இலிருந்து 23க்குப் போக 5 கண்ணி கூட்ட வேண்டும், ஏறத்தாழ மூன்று, நான்கு கண்ணிக்கு ஒன்று. முந்தைய சுற்றில் கூட்டிய இடத்துக்கு நேர் மேலே மறுபடி கூட்டாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அங்கே மூலை விழுந்து தலை அறுகோணமாகும். குறைக்கும்போது அடுத்தடுத்த இரு கண்ணிகளின் முன் இழையில் மட்டும் ஊசியை நுழைத்து ஒன்றாக முடித்தால் ஓட்டை தெரியாது.

கழுத்துக்காக, குறைக்கும் பக்கம் 18 வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

எண்ணிக்கை அடிக்கடி தவறிவிடுகிறது.

சுற்றின் முதல் கண்ணியில் வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலைக் கோத்து வையுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் அதை மேலே நகர்த்துங்கள். சுற்றுகளை எண்ண, தலைக்கென்றால் பால்மரக் கொட்டை 15ஐ ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டு, சுற்று முடிய ஒன்றாக எடுத்து வெளியே வைத்தால் போதும். கைப்பேசிச் செயலியைவிட இது நம்பகமானது, பேச்சுக் கொடுத்தாலும் தவறாது.

ஒரு கண்ணி கூடிவிட்டது, எங்கே என்று தெரியவில்லை என்றால், 30 கண்ணிக்கு மேல் உள்ள சுற்றில் அடுத்த சுற்றிலேயே ஒன்றைக் குறைத்துவிட்டுப் போகலாம். முதல் நான்கு சுற்றுக்குள் என்றால் பிரித்துப் போடுங்கள். அங்கே ஒரு கண்ணி கண்ணுக்குத் தெரியும்.

உடம்பு, கை, கால் கணக்கு?

உடம்பு கீழிருந்து: 6, 12, 18, 24, 30. பிறகு 30இல் 10 சுற்று, 24இல் 3 சுற்று, 18இல் 3 சுற்று. கை: ரிங்கில் 6, அடுத்து 9; அந்த 9இல் மொத்தம் 13 சுற்று. கால்: 6, அடுத்து 12, அந்த 12இல் மொத்தம் 15 சுற்று. தலை, உடம்பு, இரு கை, இரு கால் சேர்ந்து 1,526 கண்ணி.

தலையின் 18ஐயும் உடம்பின் 18ஐயும் கண்ணிக்குக் கண்ணி வைத்துத் தைக்க வேண்டும். தலை தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கழுத்தைச் சிறிதாக்குவதுதான். 12 கண்ணியில் கழுத்தை முடித்தால் இந்தத் தலையின் எடையை அது தாங்காது. 18இல் முடித்தும் தொங்கினால் கழுத்துப் பகுதியில் பஞ்சு போதவில்லை. தைத்து முடிக்க நாலைந்து கண்ணி இருக்கும்போது பென்சிலின் மழுங்கிய முனையால் கழுத்துக்குள் இன்னும் பஞ்சைத் திணித்துவிட்டு மூடுங்கள். கம்பி வைப்பதைப் பிள்ளைகளின் பொம்மையில் நாங்கள் ஒப்புவதில்லை. நாளாவட்டத்தில் நூலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இலவம்பஞ்சு அடைக்கலாமா?

கெகாபு மரத்துப் பஞ்சு தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்பதால் கேட்கிறார்கள். தலையணைக்கு நல்லது, குரோஷே பொம்மைக்கு ஆகாது. இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் கண்ணி இடுக்கு வழியே வெளியே வரும். பொம்மையைத் துவைத்தால் கட்டி தட்டும், உள்ளே காயாமல் வாடை எடுக்கும். பாலியெஸ்டர் பஞ்சைக் கையால் பிய்த்து உதறி, கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். மொத்தமாக உருட்டித் திணித்தால் கன்னத்தில் மேடு விழும்.

தலையும் 36, தொப்பியும் 36. ஆனால் தொப்பி ஏறவில்லையே?

தொப்பி தலைக்கு வெளியே உட்காருகிறது. துணி 3 மி.மீ. தடிமன் என்றால் தொப்பியின் ஆரம் அவ்வளவு கூட வேண்டும். சுற்றளவு 6.28 மடங்கு, அதாவது 1.9 செ.மீ. கூடும். அது ஏறக்குறைய 4 கண்ணி. இதில் ஓர் அழகு உண்டு: இந்த 4 கண்ணி, தலைக்கும் அதேதான், கைக்கும் அதேதான். உள்ளே இருக்கும் பொருள் பெரிதா சிறிதா என்பதைக் கணக்கு பார்ப்பதில்லை.

ஆகவே தொப்பிக்குக் குறைந்தது 40. 6இன் மடங்கில் போவதால் 42 வரை கூட்டுங்கள்: 6, 12, 18, 24, 30, 36, 42. பிறகு 42இலேயே 7 சுற்று. விளிம்பை மடித்துவிட வேண்டுமானால் இன்னும் 3 சுற்று. உச்சியில் ஒரு குஞ்சம்.

ஸ்வெட்டர் போடும் முறை?

தலை 36, கழுத்து 18. கழுத்துக்குப் பொருந்துகிற எந்த உடுப்பும் தலை வழியே போகாது. அதனால் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர்தான். கழுத்திலிருந்து கீழே, அரை டபுளில் போடுங்கள்.

தொடக்க வரிசை 24 கண்ணி. அதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம் 4, கை 4, முதுகு 8, கை 4, முன்பக்கம் 4. பிரிவுகள் சந்திக்கும் நான்கு இடங்களிலும் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும், வரிசைக்கு 8. நான்கு வரிசை முடிந்ததும் 56 கண்ணி இருக்கும்: 8, 12, 16, 12, 8.

அடுத்த வரிசையில் முன்பக்கம் 8 போட்டு, 2 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, கையின் 12ஐத் தாண்டி, முதுகின் 16, மறுபடி 2 செயின், கையைத் தாண்டி, கடைசி 8. உடம்புக்கு 36 கிடைக்கும். உடம்பு 30, துணித் தடிமனுக்கு 4, பட்டன் மேலேற 2. கைக்குழியைச் சுற்றி 12, அக்குளில் 2, ஆக 14. பொம்மையின் கை 9, தடிமனுக்கு 4, ஒன்று தளர்வுக்கு.

இதையே சிங்கிளில் போட்டால் தோளில் அலை அலையாக நிற்கும். சிங்கிளுக்கு 6 போதும் என்கிற இடத்தில் 8 கூட்டுகிறோம் அல்லவா? அரை டபுளுக்கு 8 பொருத்தம்.

ஸ்வெட்டர் முதுகில் கோலம் போட முடியுமா?

முடியும், பிரமாதமாக வரும். நிறம் மாற்றிப் பின்னுவதைவிட, ஸ்வெட்டர் முடிந்தபின் மேற்பரப்பில் ஸ்லிப் ஸ்டிட்ச் ஓட்டுவது சிக்குக் கோலத்துக்கு ஏற்றது. நூல் துணிக்கு அடியில் இருக்கும், ஊசி மேலிருந்து கண்ணி இடுக்கில் இறங்கி நூலை இழுத்துவரும். வளைவுகள் பின்னலின் கட்டத்துக்குக் கட்டுப்படாமல் போகும். ஆறு இழை எம்பிராய்டரி நூல் எடுங்கள், தடித்த நூல் துணியைச் சுருக்கிவிடும்.

எத்தனை புள்ளி வைப்பது? இங்கேதான் கணக்கு கை கொடுக்கிறது. நேர் புள்ளியைச் செவ்வகமாக வைத்து, நடுவே எல்லா இடத்திலும் கம்பியை (கோலக் கோட்டை) குறுக்கே கடத்தி, ஓரத்தில் மட்டும் திருப்பினால், மொத்தம் எத்தனை கம்பி என்பது இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொது வகுத்தி. 3க்கு 3 வைத்தால் மூன்று தனித்தனிக் கம்பி. 4க்கு 6 என்றால் இரண்டு. 2க்கு 3, 3க்கு 4 என்றால் ஒரே கம்பி. ஒரே கம்பி என்றால் பின்பக்கம் முடிச்சுப் போட இரண்டு நுனிதான். 16 கண்ணி முதுகுக்கு அகலத்தில் 3 புள்ளி, உயரத்தில் 2 புள்ளி சரி. அரை டபுள் கண்ணி அகலத்தைவிட உயரம் என்பதால், புள்ளிக்குப் புள்ளி அகலத்தில் 4 கண்ணி, உயரத்தில் 3 வரிசை விட்டால் சதுரமாக வரும்.

வாசலில் பாட்டிமார் மனக்கணக்காகப் போட்ட இதைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1970களில் கணினி இலக்கணமாகவே ஆராய்ந்தார்கள். கணக்குக் கலை என்றதும் வெளியூரைப் பார்க்க வேண்டியதில்லை.

முறுக்கு மஃப்ளர் என்பது என்ன?

மோபியஸ் பட்டை. 1858இல் ஜெர்மானியக் கணிதவியலர்கள் மோபியஸும் லிஸ்டிங்கும் தனித்தனியே கண்டது. ஒரு பட்டையை அரை முறுக்கு முறுக்கி நுனிகளைச் சேர்த்தால் அதற்கு ஒரே பக்கம், ஒரே விளிம்பு.

பொம்மைக்கு 44 செயின், 20 செ.மீ. வரும், தலையின் 16 செ.மீ.யைத் தாராளமாகத் தாண்டும். செயினை மேசையில் நேராகப் பரப்பி, ஒரு நுனியை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மற்ற நுனியோடு சேருங்கள். செயினின் மேல்பக்கம் 44 சிங்கிள் போட்டு முடித்ததும், நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் அடிப்பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். இன்னும் 44 போட்டால் தொடங்கிய இடம். ஆக ஒரு சுற்று 88 கண்ணி. மூன்று சுற்று போட்டால் நடுச் செயினுக்கு இருபுறமும் மூன்று மூன்று வரிசை நிற்கும்.

தவறு நடப்பது சேர்க்கும் இடத்தில். நீளச் செயின் தானாகவே முறுக்கிக்கொள்ளும், அரை முறுக்கு முழு முறுக்காகிவிடும். 44 போட்டதுமே தொடங்கிய கண்ணி எதிரில் வந்தால் அது மோபியஸ் இல்லை, அவிழ்த்துவிடுங்கள். இரண்டாம் சுற்றுக்குப் போய்விட்டால் வீண் உழைப்பு.

சுருள் சுருளாக, பவளப்பாறை மாதிரிப் போடுகிறார்களே, அது?

மிகைவளையத் தளம் (ஹைபர்போலிக் பிளேன்), எங்கும் குதிரைச் சேணம் போல வளையும் பரப்பு. கணித வகுப்பில் சொல்லால் மட்டும் விளக்கிக்கொண்டிருந்ததைக் கையில் எடுத்துத் தொடும்படி செய்தவர் டைனா டைமினா, லாட்வியாவிலிருந்து அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்துக்கு வந்த கணிதவியலர். காகிதப் பட்டைகளை ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துகொண்டே இருந்ததால் 1997இல் குரோஷேவில் போட்டார். குரோஷேதான் இதற்குத் தோது. ஊசியில் எப்போதும் ஒரே கண்ணிதான் இருக்கும், கண்ணி எத்தனை ஆயிரமானாலும் ஊசி தாங்கும். இரட்டை ஊசிப் பின்னலில் அத்தனையும் ஊசியிலேயே நிற்க வேண்டும். மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் இதே சுருளைக் கொண்டு குரோஷே பவளப்பாறையைத் தொடங்கினார்கள். 2004இல் பிரிஸ்டலில் கணிதவியலர் ஹின்கே ஒசிங்கா, வானிலைக் கணக்கிலிருந்து வந்த லாரென்ஸ் சமன்பாடுகளின் மேற்பரப்பு ஒன்றை 25,511 கண்ணியில் போட்டு முடித்தார்.

போடும் விதி ஒரே வரிதான்: ஒவ்வொரு 5 கண்ணிக்கும் 6 வரட்டும், கடைசிவரை அதை மாற்றாதீர்கள். 20 கண்ணியில் தொடங்கினால் பத்து வரிசை கழித்து 124, பதினைந்துக்குப் பிறகு 308, இருபதுக்குப் பிறகு 767. இறுக்கமாகப் போடுங்கள், தளர்வாக இருந்தால் சுருள் நிற்காமல் துவளும். வரிசை மாறும்போது 5இன் மீதி விட்டுப்போகும். அதைக் கைவிடாமல் அடுத்த வரிசையில் தொடர்ந்து எண்ணுங்கள். ஒவ்வொரு வரிசையையும் ஒன்றிலிருந்து தொடங்கினால் கூட்டல்கள் ஓரத்தில் குவிந்து ஒரு பக்கம் தட்டையாகும்.

பொம்மைக்கு வேண்டுமா? ஸ்வெட்டரின் கீழ் விளிம்பு 36இல் ஒவ்வொன்றுக்கும் இரண்டாகப் போட்டு 72, அடுத்து 144. அழகான சுருள் ஓரம்.

இதைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு எப்படிக் காட்டலாம்?

மேலே சொன்ன 5க்கு 6 துணி மிகவும் சுருளும். வகுப்புக்கு 12க்கு 13 என்று மெதுவாகக் கூட்டிய துணி நல்லது, விரிக்க வசதி. துணியை மடித்தால் மடிப்பு ஒரு நேர்க்கோடு. அதன்மேல் நிறநூல் ஓட்டுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டைத் தொடாத மடிப்புகள் பல போட முடியும். தட்டையான காகிதத்தில் ஒன்றே ஒன்றுதான் முடியும். மூன்று மடிப்பால் ஒரு முக்கோணம் தைத்துக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள், கூட்டல் 180க்குக் கீழே வரும். முக்கோணம் பெரிதாக ஆகக் கோணங்கள் இன்னும் சுருங்கும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நாம் சொல்லத் தேவையில்லை.

சுருளுக்கு எவ்வளவு நூல் பிடிக்கும்?

நினைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு என்று போனால் 6, 12, 24, 48, 96, 192, 384, 768. முதல் ஏழு சுற்றின் கூட்டல் 762. எட்டாவது சுற்று மட்டுமே 768. ஆகவே ஏழாவது முடிந்ததும் போட்டதையும் மிச்ச நூலையும் சமையல் தராசில் வையுங்கள். மிச்சம் குறைவாக இருந்தால் எட்டாவதைத் தொடங்காதீர்கள்.

மற்ற வேலைக்கு, அளவு பார்க்கப் போட்ட 10க்கு 10 துணியை அவிழ்த்து நூலின் நீளத்தை அளந்து 100ஆல் வகுத்தால் ஒரு கண்ணிக்கு எவ்வளவு என்று தெரியும். பொம்மையின் 1,526ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு பிளாஸ்டிக் மணி வைக்கலாமா?

மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைக்கு என்றால் வேண்டாம், கறுப்பு நூலில் தையுங்கள். பின்னல் எவ்வளவு இறுக்கமானாலும் பிள்ளை கடித்து இழுத்தால் மணி வந்துவிடும், தொண்டையில் அடைக்கும். குஞ்சம், பட்டன் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை. கண்ணை 10ஆம் சுற்றில், 7 கண்ணி இடைவெளி விட்டு வைத்தால் முகம் பிள்ளைத்தனமாக இருக்கும்.

அலமாரியில் வைத்த பொம்மையில் கறுப்புப் புள்ளி வருகிறது.

பூஞ்சை. லயத்து வீட்டிலும் சரி, டவுன் வீட்டிலும் சரி, மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் பருத்தி தாங்காது. உடுப்பைக் கழற்றித் தனியே, பொம்மையைத் தனியே, இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டுக் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, காலை வெயிலில் படுக்க வைத்துக் காயப்போடுங்கள். தொங்கவிட்டால் கழுத்து நீண்டுவிடும். தலையின் நடுவில் ஈரம் கடைசியாகத்தான் போகும். மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாமல் இரண்டாம் நாளும் வெயிலில் வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொம்மையை இப்படிக் காய்ந்த அன்றைக்கே, சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு பையில் போட்டு மூடிவிடுங்கள்.